இரைச்சல் நீக்கி

தார்த்துவில் ஆறு உறைந்த வாரம்.
காலை எட்டரைக்கும் இருட்டு.
ஏழு சதுரங்களில் ஏழு முகங்கள்,
ஏழு மேசை விளக்குகள்,
ஒரு பூனையின் வால்.

ஊர் ஊராய் இருப்பவர்கள் கூடிப் பேச
மென்பொருள் செய்கிறோம்.
அதில் என் பங்கு சின்னது:
எது பேச்சு, எது இரைச்சல் என்று
இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுப்பது.
நாய்க் குரைப்பு, பனி வாரும் மண்வெட்டி,
மாடிவீட்டின் துளைக்கருவி, சிப்ஸ் பொட்டலம்.
நாலாயிரம் மணிநேர ஒலிக்கு
ஒவ்வொன்றாய்ப் பேர் ஒட்டினேன்.
வேண்டாம். வேண்டாம். வேண்டும். வேண்டாம்.
பருப்பில் கல் பொறுக்குகிற மாதிரிதான்,
காதால் பொறுக்கவேண்டும், அவ்வளவே.

உர்வே, வோருவிலிருந்து.
சோதனைப் பிரிவு, வேலையில் கறார்.
ரைவோ ஏதாவது சொல்வான்,
அவள் வாய் திறக்கும், தோள் குலுங்கும்,
கண்ணாடி மூக்கில் இறங்கும்.
சத்தம் வராது.
மியூட்டில் இருக்கிறாள் என்று நினைத்தோம்.
இரண்டு வருடம் நினைத்தோம்.

மார்ச்சில் எல்லோரையும்
அலுவலகத்துக்கு நேரில் வரச் சொன்னார்கள்.
கம்பு ரொட்டி, புகையில் வாட்டிய மீன்.
உர்வே நான் நினைத்ததைவிட உயரம்
(சதுரத்துக்குள் எல்லோரும் ஒரே உயரம்தானே).
ரைவோ அந்தப் பழைய படகு ஜோக்கைச் சொன்னான்.

அப்போது கேட்டது.
காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்துக்குள்
ஸ்பூன் விழுந்தாற்போல்
கரகரவென்று ஏறி,
மூன்று இடத்தில் முறிந்து,
மறுபடி பிடித்து ஏறி.
பக்கத்து அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.
உர்வே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பள்ளியில் வெளியே நிற்க வைப்பார்கள்.
சினிமாவில் முன்வரிசை முழுக்கத் திரும்பும்.
இங்கே ஒருத்தரும் திரும்பவில்லை.
நல்லவர்கள் என்று நினைத்தேன்."

தட்டை வைத்துவிட்டு மேசைக்குப் போனேன்.
பழைய பதிவுகள்.
பிப்ரவரி பதினொன்று, இருபத்துமூன்றாம் நிமிடம்:
'வீட்டுச் சாதனம்.
தொண்ணூற்று நான்கு சதவீதம் உறுதி.'
வழித்துத் துடைத்திருந்தது.
அதற்கு முந்தின நாளும். அதற்கு முந்தியும்.

என்னிடம் கற்றதுதான்.

அவளிடம் சொன்னேன், தரையைப் பார்த்து.
"என்ன சாதனம்?"
"காபி அரைப்பான்."
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு மறுபடி அந்தச் சத்தம்,
இந்த முறை கை வாய்க்குப் போகவில்லை.

அனுமதி கேட்டு நாற்பது முறை பதிவு செய்தேன்.
ஜோக்குகள் தீர்ந்துபோய் ரைவோ
வருமான வரிப் படிவத்தைப் படித்தான்.
அதற்கும் சிரித்தாள்.
பேர் ஒட்டும் இடத்தில் இரண்டே கட்டங்கள்,
சிரிப்புக்கு என்று ஒன்று நாங்கள் போடவே இல்லை.
'பேச்சு' என்று ஒட்டினேன்.

ஏப்ரலில் புதிய பதிப்பு போனது.
முதல் வாரமே புகார்கள்.
லிஸ்பனில் ஒரு பல் மருத்துவர்,
உலான்பாதரில் ஒரு கணக்கு அலுவலகம்:
பின்னால் காபி இயந்திரம் கேட்கிறது,
முன்பெல்லாம் இல்லையே, சரிசெய்யவும்.

என் பேரில்தான் கிடக்கிறது அந்தப் புகார்.
முன்னுரிமை: குறைவு.
திங்கள்தோறும் மேலாளர் கேட்கிறார்,
"பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்கிறேன்.
கீழ்வரிசையில் ஒரு சதுரம்
கரகரவென்று ஏறத் தொடங்குகிறது.