நானூற்றுப் பன்னிரண்டாம் மரம்

லைக்கிப்பியாவின் கரிசலில்
ஒவ்வொரு முள்வேலுக்கும் ஒரு தகர எண்.
கிளையைத் தட்ட வேண்டும்,
ஓடிவரும் எறும்புகளை எண்ண வேண்டும்.
இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

போன மழைக்கு முன்
நானூற்றுப் பன்னிரண்டைத் தொட்டால்
முழங்கை வரை தீ.
முள்ளடியில் ஊதிய கறுப்பு உருண்டைகள்,
உருண்டைக்குள் ஓட்டை,
ஓட்டைக்குள் குடித்தனம்.
வாடகை காசாக இல்லை,
தும்பிக்கைக்குள் ஏறிக் கடித்தால் போதும்.
திரும்பிப் போகாத யானையை நான் பார்த்ததில்லை.

இன்று தட்டினேன்.
மறுபடி தட்டினேன்.
எந்தச் சரக்கு மூட்டையிலோ
வந்திறங்கிய பெருந்தலை எறும்புகள்
வேரோரம் தம் போக்கில் போயின.
அவற்றுக்கு மரம் வெறும் மரம்.
காலி உருண்டைகளில் காற்று மட்டும்
பழையபடி சீழ்க்கை அடித்தது.

நோட்டில் சுழியம் போட்டேன்.

யானைகள் சாவகாசமாய் வந்தன.
முறித்தன, தின்றன, நிழலைக்கூட விடவில்லை.
இப்போது சமையல் கூடாரத்திலிருந்தே
லெபாரானுக்கு எதிர்க்குன்று தெரிகிறது.
வரிக்குதிரைக்கும் தெரிகிறது,
பதுங்க ஒரு புதரில்லாமல்
பட்டப்பகலில் நிற்கும் சிங்கம்.

ஓடிப் பார்த்தது. மூன்று நாள் வெறும் வயிறு.
நாலாம் நாள் எருமையிடம் போனது.

விலாவில் கொம்பு கிழித்த பெண்சிங்கத்தை மயக்கி
தைத்துக்கொண்டே சிலாந்தோய் கேட்டாள்:
"எங்கே ஆரம்பிச்சது இதெல்லாம்?"

நான் கையை நீட்டினேன்.
ஒரு தடிப்பு இல்லை,
ஒரு கடிவாய் இல்லை.