அரைக் கிலோவுக்குள்

பெருசா எதுவும் வேண்டாம் என்றாள் பவுலின் அக்கா.
சட்டைப்பையில் கொள்கிற மாதிரி,
சறுக்கும்போது உறுத்தாத மாதிரி ஏதாவது.

இன்ஸ்புருக்கில் ஆஸ்பத்திரி வேலை.
ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு
மலைக்குப் போகிறாள்.
எனக்கு மட்டும் தெரியும்.
இரண்டு பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு
அவள் இறங்கி வரும் வீடியோவை
அரசரடிக் கடையில்
டியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடுகிற நேரம்
ஒற்றைக் கையால் பார்ப்பேன்.
அதில் பேச்சே இருக்காது.
புதுத் துணியைக் கிழிக்கிற ஒரே சத்தம்.

சறுக்குகிறவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று தேடினேன்.
கம்பளிக் காலுறை ஒரு ஜோடி நாற்பத்திரண்டு பஞ்சர்.
கைக்குள் பொத்திக்கொள்ளும் சூட்டுப்பை ஒன்பது பஞ்சர்,
அதுவும் ஒரு நாள்தான் சுடுமாம்.
பலகையின் அடியில் தேய்க்கிற மெழுகு
பத்தொன்பது பஞ்சரும் ஒரு முன்டயர் கழற்றி மாட்டலும்.

மெழுகுக்கா நமக்குப் பஞ்சம்?
அந்தோணியார் பீடத்தடியில் உருகிக் கிடந்ததைக்
கோயில்பிள்ளை சகாயம் அண்ணனிடம் கேட்டேன்.
"எதுக்கு?"
"அக்கா வழுக்குறதுக்கு."
ஒரு மாதிரி பார்த்தார். சுரண்டிக் கொடுத்தார்.

டவுன்ஹால் ரோட்டில் மங்கி குல்லா விற்கிறவர்
"கொடைக்கானலா?" என்றார்.
அதுக்குக் கொஞ்சம் மேல என்றேன்.

"அங்க பனி பெய்யுதா?" என்று அம்மா போனில் கேட்பாள்.
"முழங்கால் வரைக்கும்."
"அதான் சொல்றேன், தலைய மூடு. இங்கயும் பனிதான்."
கொடியில் ராத்திரி விட்ட சேலை
நமுத்திருப்பதைத் தொட்டுப் பார்த்தபடி சொல்வாள்.
நான் திருத்துவதில்லை. அக்காவும் இல்லை.

வீடியோவின் கடைசியில் ஒரு பத்து விநாடி.
பலகைகளைத் தோளில் போட்டு பஸ்ஸுக்கு நடக்கிறாள்.
ஒன்று நழுவுகிறது. பிடிக்கிறாள்.
மற்றது விழுகிறது.
சுத்தமான மதுரைத் தமிழில் ஒரு வார்த்தை.

பழைய புல்லட் டியூப்பை எடுத்தேன்.
இரண்டு விரல் அகலம், ஒன்றரைச் சாண் நீளம்,
நுனியை மடித்து, உப்புத்தாள் போட்டு, சொல்யூஷன் தடவி,
வளையம் மாட்டினேன். இரண்டு.
குடிலுக்கு வைத்திருந்த ரீப்பர் கட்டைகளைப்
பையன்களிடம் இரவல் வாங்கிச் சேர்த்துக் கட்டி
ஞானஒளிவுபுரம் கடைசித் தெருவரை தோளில் வைத்து நடந்தேன்.
நழுவவில்லை.
நாய்கள்தான் பின்னாலேயே வந்தன.

கூரியரில் உதட்டுக்கு வைத்த தேங்காயெண்ணெயை
முதலில் வெளியே எடுத்தார்கள்.
"எண்ணெய் போகாது தம்பி."
"அங்க போனா கட்டியாயிரும்க்கா."
"இங்க தண்ணிதான?"
அப்புறமும் இருபது கிராம் கூட.
இஞ்சி மரப்பாவில் நாலை எடுத்தேன்.
அவர்களுக்கு இரண்டு, எனக்கு இரண்டு.
பொருள் என்ற இடத்தில் பழைய டியூப் என்று எழுதப் போனேன்.
பேனாவைப் பிடுங்கி
விளையாட்டுச் சாமான் என்று எழுதிக்கொண்டார்கள்,
வாயில் மரப்பாவோடு.

கிறிஸ்துமஸுக்குப் போய்ச் சேரவில்லை.
மூன்று ராஜாக்கள் திருநாளும் கழிந்து
கடை வாசல் ஸ்டாரை இறக்குகிற அன்றைக்குப் படம் வந்தது.
வெள்ளைச் சுவரில் சாய்ந்த இரண்டு பலகை,
நடுவில் கறுப்பாய் என் டியூப்.
கூடவே குரல்:
"டேய், மெழுகு ஒட்டிக்கிச்சுடா.
சரிவுல அப்படியே நின்னுட்டேன்.
அந்தோணியார் விடல, பூசைக்குப் போகாததுக்கு.
ஆனா இந்த ரப்பர் இருக்குல்ல,
கூட வேலை பாக்குறவ இன்னொண்ணைப் பிடுங்கிட்டா.
எங்க கிடைக்கும்னு கேக்குறா.
அரசரடின்னு சொல்லியிருக்கேன்."

மறுபடி போட்டுக் கேட்பதற்குள்
ஒரு டிவிஎஸ் வந்து நின்றது.
"காத்து இருக்கா தம்பி?"

இருக்கு என்றேன்.