தொடுவானம் சாயாமல்

எனக்கு வேலை ஒன்றே ஒன்று:
கேமராவை ஆடாமல் பிடிப்பது.
கத்தி என்னிடம் இல்லை. ஊசியும் இல்லை.
இரண்டாம் ஆண்டுப் பயிற்சிக்காரிக்கு
வால்டிவியாவில் அவ்வளவுதான் நம்பிக்கை.
"தொடுவானம் சாயுது, யனீரா" என்பார்
டாக்டர் உல்யோவா, தலை திருப்பாமலே.

வெளியே மழை.
மீன்சந்தைக் கரையில் கடல்சிங்கங்கள்
ஒன்றையொன்று ஏசிக்கொள்ளும் சத்தம்
மூன்றாம் மாடி வரை வரும்.
மேசைமேல் எவரிஸ்தோ பாய்யலெஃப்,
நியெப்லாவுக்கும் கொர்ராலுக்கும் இடையே
முப்பது வருஷம் படகு ஓட்டியவர்,
எலுமிச்சம்பழ நிறத்தில் கிடந்தார்.

மூன்று வாரமாக உடம்பெல்லாம் அரிப்பு.
எஞ்சின் அறைக் கதவில்
முதுகைத் தேய்த்துக்கொண்டே வேலை பார்த்தாராம்.
மூத்திரம், கடுந்தேநீர்.
"ஆட்டுக்கறி தின்னும்போதெல்லாம்
கடவுள் விலாவில் குத்தினார்.
வாயு என்று நினைத்துவிட்டேன்."
மயக்கம் ஏறுமுன் இவ்வளவு சொன்னார்.

தொப்புளருகே ஒரு கீறல், நகத்தின் அகலம்.
காற்றை ஏற்றினோம்,
வயிறு கூடாரமாய் எழுந்தது.
இன்னும் மூன்று துளை.
சாவித்துவாரம் என்றால்
வெளியே நின்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பது;
நாங்கள் விளக்கோடு உள்ளே போகிறோம்,
வீட்டுக்காரர் தூங்கும்போது.

திரையில் ஈரல், நனைந்த ஓட்டின் பளபளப்பு.
அதனடியில் சுருங்கிய பித்தப்பை.
அதற்கும் பின்னால், கொழுப்பின் மஞ்சளுக்குள்
பித்தநாளம்.
பென்சிலைவிட மெலிந்திருக்க வேண்டியது
கட்டைவிரலாய் உப்பி.

உல்யோவா நெடுக்காகக் கீறினார்.
பித்தம் வந்தது.
முதலில் கரும்பச்சை, பிறகு பாசி, பிறகு பொன்.
தலைக்கேறும் என்பார்கள் பித்தத்தை.
இது எங்கும் ஏறவில்லை, பாவம்,
இறங்க வழியில்லாமல் நின்றிருந்தது.
உறிஞ்சுகுழாய் குடித்துக்கொண்டே இருந்தது.

பெரிய கேமரா செவிலி ரொமெலியாவின் கைக்குப் போனது.
என் கைக்கு நூல்கோல் தடிமனில் இன்னொன்று,
நாளத்துக்குள்ளேயே நுழைவது.
உப்புநீர் பாய்ந்ததும் சுவர்கள் விலகின.
இளஞ்சிவப்புச் சுரங்கம்.
கோடியில் முதல் கல்:
வெல்லக்கட்டியின் நிறம், அதே உதிர்வு.

கம்பிக்கூடை விரிந்தது,
குளவிக்கால்போல் நான்கு கம்பி.
பிடித்தது. இழுத்தது. வந்தது.
இரண்டாவதும் வந்தது.
மூன்றாவது கூடைக்குள் தலைகாட்டி
நழுவி
ஈரல் பக்கம் ஏறிக்கொண்டது.

மயக்க மருத்துவர் கால்பந்து வர்ணனையை அணைத்தார்.
அதற்குப் பிறகு
மானிட்டரின் துடிப்பு மட்டும்.
கழுவினோம். தேடினோம். கழுவினோம்.
வலது கிளை காலி. பொதுநாளம் காலி.
நாற்பது நிமிடம்.
முழங்கை என்னுடையது இல்லை என்றாகிவிட்டது.
ஸ்கேன் பொய் சொல்லியிருக்கலாம்,
நான் பார்த்தது குமிழியாக இருக்கலாம்,
தைத்துவிடலாம் என்று சொல்ல
நாக்குவரை வந்தது எனக்கு.

ஒரு தும்மலை விழுங்கினேன்.
திரை சாய்ந்தது.

அவர் திட்டவில்லை.
சாய்ந்த திரையின் மூலையில்,
இடது கிளையின் வாயில்,
பழுப்பாய் ஒரு விளிம்பு.
"அப்படியே பிடி" என்றார்.
"தொடுவானம் கிடக்கட்டும்."

நான்காம் நாள் குப்பியைக் கேட்டு வாங்கினார் எவரிஸ்தோ.
காதருகே வைத்துக் குலுக்கினார்.
"இதுக்கா பாதிரியாரைக் கூப்பிட்டேன்?"
ஒளிந்தது எது என்று கேட்டார்,
காட்டினேன்.
அதை மட்டும் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார்.
சாப்பாட்டு மேசையில் வைத்தால்
படகோடு சேர்த்து உன்னையும் முக்குவேன் என்றார்
அவர் மனைவி க்ளோரிந்தா,
ஆரஞ்சு உரித்தபடி.

அவருக்கு நான் சொல்லவில்லை,
தும்மலைப் பற்றி.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் போகையில்
கழிப்பறைக் கதவு படாரென்று திறந்தது.
சலைன் கம்பத்தைத் துடுப்பாய்த் தள்ளிக்கொண்டு
பின்பக்கம் திறந்த அங்கியில்
பன்னிரண்டு படுக்கைக்கும் கேட்கும்படி
துறைமுகக் குரலில் அறிவித்தார்:
"வைக்கோல் நிறம்!"

ஏழாம் படுக்கைக்காரர் கைதட்டினார்.