தொண்ணூற்றொன்பது

படிவத்தின் தலைப்பிலேயே பிழை.
'பொதுமக்கள் கறுத்துக் கணிப்பு' என்று
அச்சாகி வந்திருந்தது.
சிங்களத்தில் சரி. ஆங்கிலத்திலும் சரி.
ஓர் எழுத்துத்தானே என்றார் மேற்பார்வையாளர் உதேனி.
நீலப் பேனையால் 'று'வை வெட்டி 'ரு' போட்டுப் போட்டு
இருபதாவது தாளில் கை ஓய்ந்தது.
மிச்சம் எல்லாம் கறுத்தபடியே
பையில் ஏறின.

கிராண்ட்பாஸில் ஒரு தோட்டம்.
முப்பத்தெட்டு வீடு, இரண்டு குழாய்.
பலீலா கதவை ஒரு சாண் திறந்தார்.
கேள்வி ஏழு: பொதுக்குழாய்களுக்கு மானி பூட்டிக்
கட்டணம் அறவிடுவதை நீங்கள்
மிகவும் ஆதரிக்கிறீர்களா, ஓரளவு ஆதரிக்கிறீர்களா,
"தெரியா மகள்."
நான் முடிக்கவேயில்லை.
தெரியாது என்றால் தொண்ணூற்றொன்பது.
வட்டமிட்டேன்.

செபமாலை துறைமுகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்,
சீப்பு தலையில் நின்றது.
"என்ர பேர் எங்கயும் வருமோ?"
இல்லை அண்ணை, இலக்கம் மட்டும்தான்.
"அப்ப அந்த இலக்கத்திட்டயே கேளுங்கோ."
தொண்ணூற்றொன்பது.

பியசீலி என் பொட்டைப் பார்த்தார்,
அடையாள அட்டையைப் பார்த்தார்,
எல்லாக் கேள்விக்கும் மூன்று என்றார்.
நடுவில் நின்றால்
ஒரு பக்கத்து அடி மட்டும் விழாதாம்.
எந்தப் பக்கம் என்று
படிவத்தில் கேட்கவில்லை.

பேனையை மூடிய பிறகுதான்
வாய்கள் திறக்கும்.
பலீலா பிளேன்டீ கொண்டு வந்தார், சீனி கூட.
"இந்தக் குழாயடிக்கு ஒரு நாள் விடிய வாங்க.
வாளி நிரம்ப நாலு நிமிஷம்.
அதுக்குள்ள ஒரு அரசாங்கம் விழுந்திரும்,
இன்னொண்டு ஏறிரும்,
அதுவும் களவெடுக்கத் தொடங்கிரும்."
பக்கத்து வீட்டு ஜன்னல் சிரித்தது.
இதற்குப் பெட்டி இல்லை.
எழுதவா என்று கேட்டேன்.
சிரிப்பு நின்றுவிட்டது.

கதவு தட்டிக் கேள்வி கேட்டவர்கள்
இந்த நகரத்தில் முன்பும் வந்திருக்கிறார்கள்.
எங்கிருந்து வந்தாய், ஏன் வந்தாய், எத்தனை நாள்.
அப்போது சரியான பதில் என்று ஒன்று இருந்தது.
அது என்னவென்று தெரிவதற்குள்
வாசலில் வாகனம் நின்றது.

அறிக்கை வந்தது. தொலைக்காட்சியில் வெள்ளைச் சட்டை.
"எதிர்ப்பவர்கள் வெறும் பத்தொன்பது வீதம்,
மக்கள் எங்கள் பக்கம்."
என் தொண்ணூற்றொன்பதுகள்,
அறுபது படி ஏறி இறங்கிய தொண்ணூற்றொன்பதுகள்,
கடைசிப் பக்க அடிக்குறிப்பில்
எறும்பு எழுத்தில் கிடந்தன.
பேசாதவர்களை அவர் தன் வரிசையில்
சேர்த்துக்கொண்டார்.
உதேனி சம்பள உறையை நீட்டினார்.
எண்ணி வாங்கினேன்.

அடுத்த ஞாயிறு, வெள்ளவத்தை ஒழுங்கையில்
என் வீட்டு மணி.
வேறொரு கம்பனிப் பையன், கையில் டேப்,
கழுத்தில் வியர்வை.
நாடு சரியான திசையில் போகிறதா அக்கா?
அவர் உள்ளேயிருந்து இருமினார்.
அந்த இருமலின் அர்த்தம் எனக்குத் தெரியும்.
எனக்கு நாக்கு நுனியில்
இருபத்தைந்து வருடம் இருந்தது.
"தெரியாது தம்பி" என்றேன்.
திரையைப் பார்க்காமலே அழுத்தினான்.
எந்த இலக்கம் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

தேர்தலுக்கு அட்டைத் தடுப்பு உண்டு,
கட்டிய பென்சில் உண்டு.
அதற்குள் இருமல் வராது.
ஆனால் அதற்கு இன்னும் இரண்டு வருடம்.
குழாய்க்கு நாளை சீமெந்து.

பிளேன்டீக் கடனுக்கு ஒரு பக்கட் மாரி பிஸ்கட்டோடு
தோட்டத்துக்குப் போனேன்.
மானி வைக்கும் மேடையை
மேசன் அப்போதுதான் தடவி முடித்திருந்தார்.
ஈரம் மினுங்கியது.
ஒரு காகம் இறங்கி
குறுக்கே நடந்துபோனது, அவசரமில்லாமல்.
புள்ளடி, புள்ளடி, புள்ளடி.
மேசன் ஏசினார், கரண்டியால் வழித்தார்.
அவர் திரும்ப அது திரும்ப வந்தது.
மூன்றாம் முறை அவர் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

காய்ந்த பிறகு பலீலா
வாளியை அதன்மேல் வைத்தார்,
மறைக்கவா, காக்கவா, நான் கேட்கவில்லை.
பையிலிருந்த பேனை பையிலேயே இருந்தது.
குழாய் சீறியது.
நாலு நிமிஷம்.
யாரோ தொடங்கினார்கள்.