பத்தொன்பது

ஏழே காலுக்குக் கரண்ட் போனது.
பள்ளிப்பட்டைத் தாண்டி நகரி ரோட்டில்
எங்கள் எடைமேடை தமிழ்நாட்டில் இருக்கிறது.
எதிரே செங்கம்மாவின் டீக்கடை ஆந்திராவில்.
அவள் பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.
நடுவே இருபதடித் தார்.
அதில் பதினாலு டிராக்டர்,
அத்தனையும் கிளிமூக்கு மாங்காய்,
அத்தனையும் விடிவதற்குள் கூழ் ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும்.

எடைமேடைக்குத் தனி பேட்டரி உண்டு.
முதலாளி அதற்கு மட்டும் காசைப் பார்க்கவில்லை.
கணக்கு எழுதும் எனக்கு
அவர் மகன் காலேஜ் முடித்து ஒதுக்கிய லேப்டாப்.
வாங்கியபோது நாலு மணி நேரம் நிற்குமாம்.
என் கைக்கு வந்தபோது ஒன்றரை.
இப்போது மூலையில் பத்தொன்பது சதவீதம்.

வெளிச்சத்தைக் குறைத்தேன்.
எட்டும் பூஜ்யமும் ஒன்றாகத் தெரியும் இடம்வரை போய்
ஒரு படி திரும்பி வந்தேன்.
கீபோர்டுக்கு அடியில் எரியும் நீலத்தை அணைத்தேன்,
விரலுக்கு வழி தெரியும்.
யாரும் பதில் சொல்லாத ப்ளூடூத்
இத்தனை நாளும் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது.
போதும் என்றேன்.
பச்சையாகக் கண்சிமிட்டிய பென்டிரைவைப் பிடுங்கினேன்.
வைஃபையும் போனது.
(இந்த ஊரில் என் செல்போனும் அப்படித்தான்,
ரெண்டு மாநில டவருக்கும் மாறி மாறிக் கும்பிடு போட்டே
சாயங்காலத்துக்குள் செத்துவிடும்.)

பிறகுதான் பார்த்தேன்,
அவன் விட்டுப்போன விளையாட்டு ஒன்று
பின்னால் உயிரோடு கிடந்தது.
யாரும் சுடாத துப்பாக்கியோடு
யாரும் வராத போர்க்களத்தில்
தினமும் என் கரண்டைத் தின்றுகொண்டு.

சாக்குமேல் இருந்ததை இரும்புத் தகட்டுக்கு மாற்றினேன்.
ஃபேன் சத்தம் நின்றது.
வெளியே மழைத்தவளை கேட்டது.

"எந்தம்மா?"
ஜன்னலில் கங்குலப்பா, தலையில் யூரியா சாக்கு.
"பதினாறு" என்றேன், மூலையைப் பார்த்தபடியே.
"பதினாறு குவிண்டாலா?
நாற்பது ஏத்தினேனே, தாயே!"
அவர் முகம் போன போக்கைப் பார்த்துச்
சிரித்திருக்கக் கூடாது.
நாற்பதரை என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆறாவது டிராக்டர், பதிமூன்று.
வாங்கிய அட்வான்ஸைக் கழித்து,
துண்டுச் சீட்டில் கையால் எழுதி,
அடுத்து என்ன மூடலாம் என்று பார்த்தேன்.

இரண்டாவது ஷீட் திறந்திருந்தது.
அதில் கழிவு.
டன்னுக்கு அறுபது கிலோ,
அடிபட்டது, அழுகியது, காம்போடு வந்தது என்று.
எவர் காய் எப்படி வந்தாலும் அறுபது.
முதல் ஷீட்டில் எண் விழுந்த உடனே
இது ஓடிப்போய்க் கடித்துக்கொண்டு வரும்.

அதற்கும் பேட்டரி செலவாகும்தானே.

மூடினேன்.
பேட்டரிக்காகத்தான் என்று
எனக்கே ஒருமுறை சொல்லிக்கொண்டேன்.

ஏழாவது சின்னப்ப ரெட்டி, முழு எடை.
எட்டாவது பேர் தெரியாத ஒரு பெண், முழு எடை.
சீட்டை ரெண்டு தடவை படித்துவிட்டு
ஒன்றும் கேட்காமல்
ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு போனாள்.

செங்கம்மா அங்கிருந்தே கத்தினாள்:
"ஒயர் இருக்குது, இழுத்துக்கோ!
நம்ம கரண்ட்டுதான், காசு வேணாம்!"
"வேண்டாங்க்கா, தாங்கும்" என்றேன்.
கரண்ட் வந்தால்
எதை மூடினேனோ அதைத் திறக்க வேண்டியிருக்கும்.

பத்து. எட்டு. ஏழில் வெகுநேரம் நின்றது.
ஒவ்வொரு டிராக்டருக்கு நடுவிலும்
மூடியைச் சாத்தித் தூங்க வைத்தேன்.
பதினாலாவது போனபோது நாலு.

பத்தரைக்கு டியூப்லைட் ரெண்டு முறை தும்மி எரிந்தது.
ஐந்து நிமிஷத்தில் முதலாளி போன்.
"கழிவு எவ்வளவு நின்னுச்சு?"
"ஷீட் ஓடலைங்க. பேட்டரி."
அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.
"நாளைக்கு வர்றேன்" என்று வைத்தார்.

சார்ஜர் கையில்தான் இருந்தது.
குத்தவில்லை.
நாலு, மூன்றானது.
இந்த ஆபீசில் ஒன்று
உள்ளபடி குறைவதை
முதல்முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்ப்பக்கம்
செங்கம்மா பல்பு அணைந்தது.
டார்ச் எங்கே என்று யாரையோ திட்டுகிறாள், தெலுங்கில்.