உப்புத்தண்ணி

மண்டபம் ஜெட்டி ரோட்டில் கடை.
கடல் குடித்த போன்களுக்கு
நான்தான் ஆஸ்பத்திரி.

நேற்று ஒன்று பிழைத்தது.
திரை விழித்ததும்
இரவு இரண்டு மணிக்குப் பாதியில் நின்ற
ஒரு பிரார்த்தனை,
சத்தத்தை அடைத்து, எழுத்தாக மட்டும்.
அவள் வீட்டில் யாரும் சொல்லாதது.

எந்த வேதம் என்கிறீர்களா?
பெயரைச் சொன்னாலே
ஊர் பாதியைக் கண்டுபிடித்துவிடும்.
போன் முழுதும் கண்டுபிடித்திருந்தது:
யாத்திரை விளம்பரம்
வரிசையாக.

அண்ணன் வந்தான், நகரை மீன் வாடையோடு.
"உள்ள என்ன இருந்துச்சு?"

ஈயப்புகை கண்ணில் ஏற
"உப்புத்தண்ணி புகுந்துருச்சு.
எல்லாம் போச்சு" என்றேன்.

நகக்கண் அளவு கார்டு
பழைய சார்ஜர் டப்பாவில்
அவளுக்காகக் கிடக்கிறது.

பொய் பாவம்தான்,
என் வேதத்திலும்.
அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.