டிம்

பம்பலப்பிட்டிச் சந்தியில் மறித்த பொலிஸ்காரர்
காரைச் சுற்றி வந்து
ஒற்றைக் கண்ணோடு எவ்வளவு தூரம் என்று கேட்டார்.
வத்தளையிலிருந்து என்றேன்.
உண்மையில் மூன்று கிழமையாக.

தண்டப் பத்திரத்தோடு மறுநாள்
தபாற்கந்தோர் வரிசையில் நின்றேன்.
எனக்கு முன்னால் நின்றவர் சீற் பெல்ற்றுக்கு,
நான் வெளிச்சத்துக்கு.

பஞ்சிகாவத்தையில் கண்கள் வாங்கலாம்.
கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும்.
படிக்கட்டில் குவிந்து கிடக்கும்,
வெட்டிய வயர் நரம்புபோல வெளியே நீட்டிக்கொண்டு.
யப்பானில் எங்கோ எதிலோ மோதி
கண் மட்டும் தப்பிய கார்களினுடையவை.

இஃபாஸ் குனிந்து பார்த்தான்,
மீன் வாங்க வந்தவன்
செவுளைக் கிளப்பிப் பார்க்கிறமாதிரி.
"இடது பல்ப் அவுட். வலது பக்கம் லென்ஸ் மஞ்சள்.
அதென்ன மிஸ், ஒரு பக்கம் மட்டும்?"

எனக்கும் அப்போதுதான் விளங்கியது.
வெள்ளவத்தை ஒழுங்கையில் என் தரிப்பிடம் அப்படி:
இடப்பக்கம் அடுக்குமாடியின் மதில்,
வலப்பக்கம் ரயில் பாதை, பிறகு கடல்.
பதினொரு வருடப் பின்னேரங்களை
உப்போடும் வெயிலோடும்
ஒரு கண்தான் தனியே பார்த்திருக்கிறது.

லென்ஸ் சோடி முப்பத்தெட்டாயிரம்.
பல்ப் சோடியாகத்தான் போடவேணுமாம்.
"ஒன்று மட்டும் மாத்தினா
மற்றது நல்லா இருந்தாலும் கெட்டுப்போன மாதிரித் தெரியும்."
பல்ப் இரண்டையும் வாங்கினேன்.
லென்ஸைத் தேய்க்கச் சொன்னேன்.

எண்ணூறு, ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம்:
அரத்தாளின் இலக்கம் ஏற ஏறக் கை மென்மையாகும்.
தண்ணீர் ஊற்றித் தேய்த்தான்.
பால்போல ஏதோ வழிந்து
பம்பரில் இறங்கி
கானுக்குள் போனது.
முதல் தாளில் லென்ஸ் முழுக்க வெள்ளைபிடித்து
இருந்ததையும் கெடுத்துவிட்டானே என்றிருந்தது.
"பயப்பட வாணாம்" என்றான், நிமிராமலே.

புது பல்ப்பை எடுத்துப் பார்க்கக் கை நீட்டினேன்.
"கண்ணாடியத் தொட வாணாம்!
விரல் எண்ணெய் பட்ட இடத்தில் சூடேறி வெடிக்கும்."
அடியில் மட்டும் பிடித்து,
கைக்குழந்தையின் கழுத்தைப்போல,
திருப்பி உள்ளே இறக்கினான்.

பிறகு எதிர் மதிலில் வெளிச்சத்தை விழுத்தி
சோக்கட்டியால் ஒரு கோடு கீறினான்.
போன தேர்தலில் தோற்ற ஒருவரின்
அரைவாசி கிழிந்த போஸ்டர் அங்கே.
வெளிச்சம் அவர் பற்களில் நின்றது.
"கூட உயரம்.
எதிரில் வாறவன் உங்களத் திட்டுவான்."
திருகாணியைச் சுற்றச் சுற்ற
பல், நாடி, கழுத்துப்பட்டி, பிறகு சின்னம்.
சின்னத்தில் சரி.

அன்றிரவே கட்டுநாயக்கா ஹயர்.
கிருலப்பனையில் ஏறிய பெடியன்
கட்டாருக்குப் போகிறான்.
பெட்டியைச் சுற்றி நைலோன் கயிறு,
அதில் மூன்று இடத்தில் தன் பெயர்.
தெரு, கழுவி வைத்தமாதிரி.
பூனையின் கண், வெள்ளைக் கோடு,
மூடாத ஒரு மான்ஹோல்,
இவ்வளவு நாளும் இதற்கு மேலாலா ஓடினேன்?

பாலத்தடி வளைவு வந்தது.
அங்கே இப்போது ஒன்றுமில்லை,
ஒரு கொத்து ரொட்டிக் கடையைத் தவிர.
ஆனால் கை தானாகப் போனது.
டிம்.
உள் லைற்.
கண்ணாடியை இறக்கு.
இரண்டாயிரத்து எட்டில் லைசன்ஸ் எடுத்தவள் நான்,
பின்னுக்கு எடுத்துத் தரிக்க முதல்
இதைத்தான் பழகினேன்.

முன் கண்ணாடியில் தெரு இல்லாமல் போய்
என் முகம் நின்றது.

"என்னக்கா தேடுறீங்க?"
"சில்லறை" என்றேன். "ஹைவேக்கு."
அவன் சட்டைப் பையைத் தடவி
இருபது ரூபாக் குற்றியொன்றை நீட்டினான்.
இனி அங்கே இது செல்லாதுதானே என்றான்.

வாங்கிக்கொண்டேன்.